வா என்று கூப்பிட்டும் வராத ரோபோ

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் நட்பைப் பற்றி ஒரு கவிதை, தாயைப் பற்றி ஒரு கவிதை, தன்னம்பிக்கைக் கட்டுரை ஒன்று, நடுவில் நாலு ஜோக் என்பது எழுதப்படாத சட்டம். நான் எழுத வந்திருப்பது ஒரு ரோபோவைப் பற்றி. அதுவும் ஏறக்குறைய 60 வருஷத்துக்கு முந்திய ஒரு ஜப்பான் டி.வி. தொடரில் வந்த ரோபோ. "சின்னப் பிள்ளைங்க பாக்குற படத்தைப் பத்தி டிப்ளமோ பசங்களுக்கு என்னப்பா சொல்லப் போற?" என்று நீங்கள் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

தொடரின் பெயர் 'ஜயண்ட் ரோபோ'. 1980-களில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. அப்போது பெரம்பலூர் மாவட்டம், அரியலூர் மாவட்டம் என்றெல்லாம் கிடையாது. இரண்டுமே திருச்சி மாவட்டம்தான். தெருவுக்கு ஒரு டி.வி. இருந்தால் பெரிய விஷயம். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று நமக்கு மாமாவாகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள். அவர்களிடம் 'ஜயண்ட் ரோபோ' என்று சொல்லிப் பாருங்கள். உடனே மணிக்கட்டை வாய்க்கு அருகே கொண்டுபோய் ஏதோ பேசுவதுபோல் நடித்துக் காட்டுவார்கள். நான் அதைப் பார்த்தது செல்போனில்தான்.

கதை என்ன?

ஜப்பானில் மிட்சுதெரு யோகொயாமா என்று ஒரு படக்கதை ஓவியர் இருந்தார். அவர் 1956-ல் 'டெட்சுஜின் 28' என்று ஒரு படக்கதையை ஆரம்பித்தார். ஒரு பெரிய இரும்பு ரோபோ, அதை இயக்க ஒரு ரிமோட் பெட்டி. பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவன் சொன்னதை ரோபோ கேட்கும். நல்ல பையன் கையில் இருந்தால் நல்லது செய்யும். திருடன் கையில் போனால் அவனுக்காகவும் வேலை செய்யும்.

அதே யோகொயாமாவின் அடுத்த ரோபோதான் ஜயண்ட் ரோபோ. 1967-ல் டோயி நிறுவனம் அதை டி.வி. தொடராக எடுத்தது. மொத்தம் 26 பகுதிகள். 1968-ல் முடிந்தது. கில்லட்டின் என்ற வேற்றுக்கிரக மன்னன் பூமியைப் பிடிக்க வருகிறான். ஒரு விஞ்ஞானியைச் சிறைபிடித்து ராட்சத ரோபோ ஒன்றைச் செய்ய வைக்கிறான். ஜானி என்ற சிறுவன் அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறான். ரோபோவுக்கான கட்டுப்பாட்டுக் கருவி கைக்கடிகாரம் மாதிரி இருக்கிறது. அதில் முதலில் பதிவாகும் குரலுக்குத்தான் ரோபோ கட்டுப்படும். அந்த முதல் குரல் ஜானியின் குரலாக அமைந்துவிடுகிறது. அப்புறம் என்ன? வாரம் ஒரு பூதம் வரும், ஜானி கடிகாரத்தில் உத்தரவு போடுவான், ரோபோ விரலிலிருந்து ஏவுகணை விட்டு அதை ஒழிக்கும்.

இன்றைய கிராபிக்ஸ் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். ரப்பர் உடுப்புக்குள் ஆள் இருப்பது தெரியும். இடிகிற கட்டடம் அட்டை என்று தெரியும். நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன், 26-வது பகுதி வரும் வரை.

கடைசிப் பகுதி

கடைசிப் பகுதியில் கில்லட்டினே ராட்சத உருவம் எடுத்து வந்து நிற்கிறான். அவன் உடம்பு முழுக்க அணுசக்தி. அவனைச் சுட்டால் அவன் வெடிப்பான். அவன் வெடித்தால் பூமியே போய்விடும். ஆகவே யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. (ஹிரோஷிமா நடந்து 22 வருஷம்தான் ஆகியிருந்த நாட்டில் எடுத்த கதை இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்போது ரோபோ தானாக நகர்கிறது. ஜானி உத்தரவு எதுவும் கொடுக்கவில்லை. ரோபோ கில்லட்டினைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வானத்தில் பறக்கிறது. ஜானிக்குப் புரிந்துவிடுகிறது. திரும்பி வா என்று கடிகாரத்தில் கத்துகிறான், அழுகிறான். 25 வாரமாக அந்தக் குரல் சொன்ன எதையும் தட்டாத ரோபோ இந்த முறை கேட்கவில்லை. விண்வெளியில் ஒரு விண்கல்லில் கில்லட்டினோடு சேர்ந்து மோதி வெடித்துவிடுகிறது. பூமி பிழைக்கிறது.

இந்தப் பகுதியை யாரிடம் சொன்னாலும் "தியாகம்" என்பார்கள். சரிதான். ஆனால் நாம் கன்ட்ரோல் சர்க்யூட் படிக்கிற பசங்க. நமக்கு வேறு ஒரு கேள்வி வரவேண்டும். 'நிற்காதே, திரும்பு' என்று ஆபரேட்டர் சொல்லியும் கேட்காத ஒரு இயந்திரம் நல்ல இயந்திரமா? நம்ம ஒர்க்ஷாப்பில் லேத் மெஷின் அப்படிச் செய்தால் அதைத் தியாகம் என்போமா?

ரோபோ என்ற சொல்லே கீழ்ப்படிதல்தான்

செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-ல் எழுதிய நாடகத்தில்தான் ரோபோ என்ற சொல் உலகத்துக்கு வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய வேலை. அதாவது, பண்ணையில் கூலி கேட்காமல், கேள்வி கேட்காமல் செய்கிற வேலை. சொல் பிறக்கும்போதே அதற்குள் அடிமைத்தனம் இருக்கிறது.

கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது எவ்வளவு ஆபத்து என்று நாம் தமிழிலேயே பார்த்திருக்கிறோம். 2010-ல் வந்த 'எந்திரன்' படத்தில் சிட்டியைச் சோதிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிட்டியை உருவாக்கிய வசீகரனையே குத்தச் சொல்லி போரா உத்தரவு போட, சிட்டி கத்தியை ஓங்கிவிடும். சிட்டிக்கு அதில் கோபமோ பகையோ இல்லை. கட்டளை வந்தது, செய்தது. அவ்வளவுதான்.

ஐசக் அசிமோவ் என்ற எழுத்தாளர் 1942-ல் ஒரு சிறுகதையில் இதற்கு மூன்று விதிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தார். முதலாவது, ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது. சும்மா இருந்து தீங்கு நேரவும் விடக்கூடாது. இரண்டாவது, முதல் விதிக்குக் குறுக்கே வராத வரை மனிதன் சொன்னதைக் கேட்க வேண்டும். மூன்றாவது, முதல் இரண்டுக்கும் குறுக்கே வராத வரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

வரிசையைக் கவனியுங்கள். கீழ்ப்படிதல் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. ஜயண்ட் ரோபோவின் கடைசிக் காரியத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். முதல் விதிக்காக இரண்டாவதையும் மூன்றாவதையும் அது விட்டுக்கொடுத்தது. ஆக, அது விதியை மீறவில்லை. வரிசைப்படிதான் நடந்தது!

நம் பக்கத்தில் இருக்கும் ரோபோ

இதெல்லாம் கதை, நிஜத்தில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டால், நம் லேபில் தினம் தொடுகிற ஸ்டார்ட்டரே சாட்சி. டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் சர்க்யூட்டை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பச்சை பட்டன் சாதாரணமாகத் திறந்திருக்கும், அழுத்தினால்தான் இணையும். சிவப்பு பட்டன் நேர்மாறு. சாதாரணமாக இணைந்தே இருக்கும், அழுத்தினால் பிரியும். ஏன் இப்படி? சிவப்பு பட்டனுக்குப் போகிற ஒயர் அறுந்துபோனால், அல்லது எலி கடித்துவிட்டால், காயிலுக்குக் கரண்ட் நின்று மோட்டார் தானாக நின்றுவிடும். சர்க்யூட்டில் கோளாறு என்றால் விளைவு 'ஓடு' என்று ஆகக்கூடாது, 'நில்' என்றே ஆகவேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார்.

அடுத்தது ஹோல்டிங் கான்டாக்ட். கரண்ட் போனால் கான்டாக்டர் விழுந்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது பச்சை பட்டனை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. ஊரில் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுக்கொள்வது எதற்கு? ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும், தூக்கம் கெடாமல் தண்ணீர் பாய வேண்டும் என்பதற்குத்தான். அது வசதிதான். ஆனால் மோட்டாரில் கை வைத்து ஒருவர் வேலை பார்க்கும்போது மெயின் சுவிட்சை இறக்காமல் விட்டால், அந்த வசதியே எமன். "இப்போ ஓடாதே" என்று மறுக்கிற குணத்தைக் கழற்றிவிட்டுத்தான் அந்த வசதியைப் பெற்றிருக்கிறோம்.

இன்டர்லாக் என்பதும் இதுவே. கதவு திறந்திருந்தால் லிமிட் சுவிட்ச் பிரிந்திருக்கும். முதலாளியே வந்து பச்சை பட்டனை அழுத்தினாலும் மெஷின் ஓடாது. பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் வைத்து இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்வார்கள். டைக்குள் கை இருந்தால் அழுத்த முடியாதல்லவா? சொன்னதைச் செய்ய மறுக்கும் இயந்திரம் விண்வெளியில் இல்லை நண்பர்களே, நம் ஒர்க்ஷாப்பிலேயே இருக்கிறது.

'சரி, எப்போதும் நின்றுவிட்டால் போதுமா?' என்றால், போதாது. மின்காந்தத்தால் இரும்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டிருக்கும் கிரேனில் கரண்ட் நின்றால் தகடு கீழே நிற்பவர் தலையில் விழும். ஆகவே அங்கே பேட்டரி வைத்துப் பிடிப்பைத் தக்கவைக்க வேண்டும். லிஃப்டில் கரண்ட் போனால் ஸ்பிரிங் பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எந்த நிலையில் ஆளுக்கு ஆபத்து குறைவோ அதுதான் அதன் பாதுகாப்பான நிலை. கில்லட்டினைப் பிடித்திருந்த ரோபோவுக்குத் திரும்பி வருவது பாதுகாப்பான நிலை அல்ல. ஜானி பாசத்தில் கூப்பிட்டான்; பாசத்தில் சொன்ன உத்தரவும் தப்பான உத்தரவாக இருக்கலாம்.

அதே ஜப்பானில், 1981

அந்தத் தொடரை எடுத்த ஜப்பானிலேயே 1981 ஜூலையில் அகாஷி நகரத்துக் கவாசாகி தொழிற்சாலையில் ஒரு நிஜ ரோபோவின் கையில் சிக்கி ஒரு பராமரிப்புத் தொழிலாளி இறந்தார். அந்த ரோபோவைச் சுற்றி வலைக்கம்பி வேலி இருந்தது. வேலியைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும். அவர் திறக்காமல் தாண்டிக் குதித்து உள்ளே போயிருக்கிறார் என்று அப்போது செய்தி வந்தது. உள்ளே தவறுதலாக சுவிட்சில் உடம்பு பட, ரோபோ அசைந்துவிட்டது. இதற்கு முன்பே 1979 ஜனவரியில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபோர்டு ஆலை ஒன்றிலும் ஒரு தொழிலாளி ரோபோவால் உயிரிழந்தார்.

எந்த ரோபோவும் கெட்டது அல்ல. அதற்குள் ஆள் நிற்பது அதற்குத் தெரியாது. தெரிய வைப்பது வேலி, சுவிட்ச், விளக்கு, மணி. அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

ஸ்டார்ட் ஒருவருக்கு, ஸ்டாப் எல்லோருக்கும்

இனி சொல்லப் போவது என் வீட்டு விஷயம். பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்குப் பேர் போனது. கதிர் காய்ந்ததும் டிராக்டரோடு இணைத்த மிஷின் வந்து களத்தில் சோளம் அடிக்கும். டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ. ஷாஃப்ட் சுற்றும். நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு செகண்டுக்கு 9 சுற்று. ஒரு சாதாரண துண்டு முனை அதில் பட்டால் போதும். "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் முழுத் துண்டும் சுற்றிக்கொள்ளும்.

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் வலது கையில் மூன்று விரல் போனது. ஷாஃப்டின் மேல் மூடி இல்லை. எல்லோரும் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார்கள். டிரைவர் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை ஓடிப்போய் அவர் முதுகைத் தட்டிய பிறகுதான் நின்றது. களத்தில் அன்றைக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். நிறுத்தும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருந்தது.

அந்த சித்தப்பாதான் எனக்கு முதல் செமஸ்டரில் டிராஃப்டர் வாங்கக் காசு கொடுத்தவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். "நீ படிக்கிற கரண்டு படிப்புல இதுக்கு ஏதாச்சும் வழி இருக்காடா?" என்று அவர் கேட்டார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் அரியலூரில் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் பூமி அது. அதனால்தான் அங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள். ஒரு காலத்தில் கடலாக இருந்த தரை. நாம் இன்டஸ்ட்ரியல் விசிட் போனபோது கல் போகிற கன்வேயர் பெல்ட்டைக் காட்டினார்கள் அல்லவா? அதன் ஓரமாக நெடுகிலும் ஒரு கயிறு ஓடும். புல் கார்டு சுவிட்ச் என்று பெயர். பெல்ட் ஓரத்தில் எங்கே நின்றாலும், யாராக இருந்தாலும், அந்தக் கயிற்றை இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். கூட்டிப் பெருக்குகிற அம்மா இழுத்தாலும் நிற்கும். இழுத்த சுவிட்சைப் போய்ப் பார்த்து ரீசெட் செய்யாமல் மறுபடி ஓட்ட முடியாது.

ஜானியின் கடிகாரத்தில் என்ன குறை என்று அன்றைக்குப் புரிந்தது. ஓட்டுகிற உத்தரவு ஒருவரிடம் மட்டும் இருப்பது நல்லது. கண்டவரும் ஸ்டார்ட் போடக் கூடாது. நிறுத்துகிற உத்தரவும் அவர் ஒருவரிடம் மட்டுமே இருப்பதுதான் தப்பு. ஸ்டார்ட் ஒருவருக்கு, ஸ்டாப் எல்லோருக்கும். சோளம் அடிக்கிற மிஷினுக்கும் இது பொருந்தும். ஷாஃப்டுக்கு மேல் சுற்றாமல் நிற்கிற பிளாஸ்டிக் உறை ஒன்று, மிஷின் பக்கத்திலிருந்தே இன்ஜினை நிறுத்த ஒரு சுவிட்ச். நம்மால் செய்யக்கூடிய வேலைதான். இந்த வருஷ புராஜெக்டுக்கு எங்கள் குழு இதைத்தான் எடுத்திருக்கிறது.

நாளை நமக்கு வரும் உத்தரவு

நண்பர்களே, 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவே சுழலும் பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. சட்டம் பழசு, அறிவு பழசு, சுவிட்சும் விலை குறைவு. அப்படியும் விரல்கள் ஏன் போகின்றன? காரணம் டெக்னாலஜி அல்ல.

டிப்ளமோ முடித்து நாம் போய் உட்காரப் போவது எங்கே? மேலே மேனேஜர், கீழே தொழிலாளி, நடுவில் சூப்பர்வைசர் அல்லது மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். ஒரு நைட் ஷிஃப்டில் கார்டு சுவிட்ச் கோளாறு செய்யும், மெஷின் நிற்கும். "புரொடக்ஷன் நிக்குது தம்பி, அந்த ரெண்டு ஒயரையும் ஷார்ட் பண்ணி விடு, காலையில பாத்துக்கலாம்" என்று ஒரு குரல் வரும். ரெண்டு இஞ்ச் ஒயர் போதும். ரெண்டு நிமிஷ வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் அந்த இடத்தில் நாம் ஒருவர்தான் இருப்போம். அதைத்தான் நமக்கு மூன்று வருஷம் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அப்போது மறுப்பது சுலபமில்லை. ரோபோவுக்கு வீடு இல்லை. தங்கச்சி படிப்பு இல்லை. கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் இல்லை. நமக்கு எல்லாம் உண்டு. என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படித்து வந்தவனுக்கு முதல் வேலை என்றால் அது அவன் ஒருவனுடைய வேலை அல்ல. "சார் சொன்னாரு, செஞ்சேன்" என்பதுதான் அவனுக்குப் பழக்கப்பட்ட பேச்சு. எங்கள் தாத்தாவும் அப்பாவும் அப்படிச் சொல்லித்தான் பிழைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனாலும் மறுப்பதற்கும் முறை இருக்கிறது. மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை தொங்கவிட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது ஒரு முறை. "செய்றேன் சார், லாக் புக்குல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று பணிவாகக் கேட்பது இன்னொரு முறை. எழுத்தில் கேட்டால் பல உத்தரவுகள் தானாகவே வாபஸ் ஆகும். மாற்று சுவிட்சை ஸ்டோரில் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது எல்லாவற்றையும்விட நல்ல முறை. சண்டையே வராது.

26 வாரக் கதையில் 25 வாரம் அந்த ரோபோ சொன்னதைச் செய்தது. அதில் ஒரு வாரம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கேட்காமல் போன அந்த ஒரே வாரம்தான் ஞாபகம் இருக்கிறது. நாமும் முப்பது வருஷ சர்வீசில் ஆயிரம் உத்தரவுகளைச் செய்யத்தான் போகிறோம், செய்யவும் வேண்டும். ஒயரை ஷார்ட் பண்ணச் சொல்லும் அந்த ஒரு உத்தரவு வரும் ராத்திரியில், பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு எத்தனை விரல் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.